பெயர் மாறிப் போனவன்

மாசி, ஞாயிறு இரவு.

இன்று தோட்டத்து ஆட்களோடு கோலா பிலா டவுனில் பழைய சிரிப்புப் படம் பார்த்தோம். எமதூதன் பெயர் குழம்பி வேறொருவனைப் பிடித்துப் போகிறான். எமன் திட்டித் திருப்பி அனுப்புகிறான். வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் அடுத்த வீட்டுச் செல்லம்மா இருந்ததை மறந்துவிட்டேன்.

போன வருஷம் ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்தில் ஆள் எடுத்தான். 'பெருமாள்' என்று கூப்பிட்டார்கள். அது நான்தான்; பட்டியலில் என் பேர் இருப்பதாக முந்தின நாளே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. செல்லம்மாவின் புருஷனுக்கும் பெருமாள் என்றுதான் பெயர். அவன் லாரியில் ஏறினான்.

இன்று படம் முடிந்து திரும்பி நடக்கும்போது செல்லம்மா கேட்டாள்: "எமன்கூடத் தப்பான ஆளைத் திருப்பி அனுப்பிட்டான். இந்த ஜப்பான்காரங்க எப்ப அனுப்புவாங்க, அண்ணே?"

"சீக்கிரம் வந்துருவான்மா" என்றேன்.

போனது தப்பான ஆள் என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? தெரிந்துமா தினமும் எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தருகிறாள்?