தானே எடுத்துக்கொண்டார்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலேயே பேஜார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மூன்று பெண்களும் குளிக்காமலே வேலைக்குப் போனார்கள். மனவளர்ச்சி குன்றிய பெண்களைத் தனியாக வாழப் பழக்குகிற இந்தக் கவரைப்பேட்டை வீட்டில் அவர்களுக்குத் துணையாள் என்று எனக்குப் பெயர். பாதி நாள் பிளம்பரைத் தேடுகிற வேலை.

பூமிகா நினைப்பாகவே இருக்கிறது. இருபத்தொன்பது வயது, மனசு மட்டும் சின்னப் பிள்ளை. பதினோரு வருடம் திருவள்ளூர்ப் பக்கம் விடுதியில் கிரில் கதவுக்குப் பின்னால் இருந்தவள். இங்கே மூன்று மாதம் சோதனை. அதற்குள் எல்லாவற்றையும் தானாகச் செய்யப் பழகவேண்டும், இல்லையென்றால் திரும்பவும் விடுதிதான். தினமும் நான் தாளில் டிக் அடிக்கிறேன். மூன்று கட்டம்: 'தானே எடுத்துக்கொண்டார்', 'நினைவூட்டினோம்', 'நாங்கள் கொடுத்தோம்'.

குளிக்கிறாள், துவைக்கிறாள், அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போய் வருகிறாள். வலிப்பு மாத்திரையைத் தானே எடுத்துப் போடுவது மட்டும் வரவில்லை. தண்ணீர் எடுத்து வைத்து, நாளுக்கொரு மூடி வைத்த மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டுகிறாள். யாராவது வைக்கவேண்டும்.

ஜூன் 11, புதன்

காயத்ரி மேடம் வந்தார். எங்கள் வீடுகளை எல்லாம் கவனிக்கிறவர், என்னைவிட இருபது வயது சின்னவர். "அவங்க கை நீட்டுனா குடுக்காதீங்கக்கா. பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. அதான் உங்க வேலையே" என்றார். பதினெட்டு வருடம் இறால் கம்பெனியில் நின்றுகொண்டே உரித்தவளுக்கு, சும்மா உட்காருவது வேலையாம்!

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்ப நேரம் இருந்தது. உட்கார்ந்தேன்.

கையை நீட்டினாள். நான் என் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னை. கையை இறக்கவில்லை. எட்டு நிமிடம். அப்புறம் அதே கையால் ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து, எடுத்து, விழுங்கிவிட்டாள். "ரோசக்கா, நானு!" என்றாள்.

ஆமாண்டி, நீதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

ஏழு பத்துக்குக் கம்பெனி வேன். ஆறு நிமிடம் பொறுத்தேன். கூட இருக்கும் சந்திரகலா வாசலில் நின்று "வேன் வந்துட்ச்சிக்கா" என்று கத்தினாள். கையில் வைத்துவிட்டேன். முதல் கட்டத்தில் டிக். நேற்று எடுத்தாள்தானே.

ஜூலை 4, வெள்ளி

தினமும் அப்படியே. கை, மாத்திரை, டிக்.

ஜூலை 19, சனி

இன்று உண்மையை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பூமிகா, "அங்க பூட்டிடுவாங்கக்கா. இங்க பூட்ட மாட்டாங்கல்ல?" என்றாள்.

முதல் கட்டத்திலேயே அடித்தேன். பொய்தான். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று?

ஆகஸ்ட் 30, சனி

பூமிகா தேறிவிட்டாள். "எழுபத்தேழு நாளு தானே எடுத்துருக்காங்க, சூப்பர்க்கா" என்று காயத்ரி மேடம் கைதட்டினார். வீட்டுச் சாவி ஒன்றைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டார். வீட்டுக்குச் சொந்தக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "இந்த வீட்டுக்கு இனிமே டெய்லி ஆள் வேணாம்க்கா. சனிக்கிழமை ஒருத்தர் வந்து பாத்துப்பாங்க. திங்கள்லருந்து நீங்க பொன்னேரி வீடு" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சாவியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டப்பாவில் ஏழு நாளுக்கும் நிரப்பி வைத்தேன். "நீயே எடுத்துப் போடணும், இன்னா?" "சரிக்கா." சந்திரகலாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டு, மேடம் காதுக்குப் போய்விட்டால்?

செப்டம்பர் 4, வியாழன்

குளியலறையில் ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டா. தலையில ஏழு தையல். உசிரு இருக்கு. ஆண்டவரே, உசிரு இருக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குப் போய் டப்பாவைப் பார்த்தேன். நான் வைத்தது வைத்தபடி. ஒரு மூடிகூடத் திறக்கவில்லை.

சந்திரகலா அழுதாள். "டெய்லி தண்ணி வெச்சிக்கினு கைய நீட்டிக்கினு குந்தினு இருந்தாக்கா. வேன் வந்தாதான் எந்திரிப்பா. நீ வருவேன்னு இருந்தா."

எட்டு நிமிடத்தில் அந்தக் கை கற்றுக்கொண்டதை, எழுபத்தாறு நாள் உட்கார்ந்து மறக்கடித்தது நான்.

செப்டம்பர் 6, சனி

எல்லாவற்றையும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. தாள்களை என் முன்னால் வைத்து, "இதுல எதுதாங்க்கா நெசம்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுதான். ஜூன் பதினைந்து.

வேலை போய்விட்டது. நியாயம்தான்.

பூமிகாவின் அண்ணன் பரசுராமன் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்தார். இன்னும் மூன்று மாதம் கொடுங்கள் என்று மேடம் கெஞ்சினார். அவர் மசியவில்லை. "ஊடும் வேணாம், சாவியும் வேணாம் மேடம். அங்க பூட்டி வெச்சாலும் உசிரோட இருக்கும்."

நான் சுவர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். போன நேரம் மாத்திரை நேரம். நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஆயா ஒவ்வொருத்தி வாயிலும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். அவரைக் குறை சொல்லி என்ன, ஒரே ஆள்.

பூமிகா என்னைப் பார்த்ததும் "ரோசக்கா" என்று சிரித்தாள். தையல் போட்ட இடத்தில் முடி முளைத்திருக்கிறது. கழுத்தில் சாவி இல்லை.

அவளுக்குப் பிடித்த கடலை மிட்டாய் வாங்கிப் போயிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். இன்று எனக்கு வேன் இல்லை, எவ்வளவு நேரமானாலும் சும்மா உட்காரலாம் என்றுதான் வந்திருந்தேன்.

அவள் கை மடியிலேயே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தாள்.