வாத்தியார் நீட்டிய விரல்

என் வீட்டுக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன், யாரும் எழுதித் தரவில்லை! நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த வாத்தியார், நான் தரை துடைக்கும் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை வார்டிலேயே படுத்திருக்கிறார். நுரையீரலில் சளி. வாயில் குழாய் வைத்து மெஷின்தான் மூச்சு கொடுக்கிறது. பயப்படாதே. இங்கே சிலரை நாள் முழுக்க மயக்கத்திலேயே வைக்கிறார்கள். சிலருக்குக் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்க்கிறார்கள். எது நல்லதென்று ஒப்பிடுகிறார்களாம். வாத்தியார் இரண்டாவது கூட்டம். ஆனால் மூன்று நாளாக நர்ஸம்மா கூப்பிட்டும் அவர் அசையவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை மருந்தை நிறுத்திய பிறகு, நான் துடைத்துக்கொண்டே சுவரிலிருந்த தாளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன்: "முச்சுக் குழாயைத் தொடாதீர்கள்."

வாத்தியாரின் விரல் போர்வைமேல் மெல்ல நீண்டது. வகுப்பில் நெடிலைக் குறிலாகப் படித்தால் அப்படித்தான் நீட்டிக் காட்டுவார்.

"மூச்சு!" என்று கத்தினேன். விரல் மடங்கியது.

"நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பல. நீங்க தப்பாப் படிச்சதும் அவருக்குப் பொறுக்கல பாருங்க தாத்தா!" என்று நர்ஸம்மா சிரித்தார். இப்படியே விழித்துக்கொண்டால் சீக்கிரம் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

எனக்கு ஒரு தலையணை உறை அனுப்பு. புதுசு வேண்டாம், நீ போட்டுப் படுத்ததே போதும்.

நாளைக் காலையும் வந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே ஒரு நல்ல தப்பாகத் தேடி வைக்க வேண்டும். நிறுத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்