கப்பலுக்கு முன் கட்டிய காப்பு

மே 18, திங்கள்

கொளுத்தும் வெயில். சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளிக் குசினி அடுப்புவரை கொட்டுகிறது. கூட்டிக் கூட்டி இடுப்பு விட்டுப்போச்சு.

பாஸ்போட் இரண்டும் வந்துவிட்டன. படத்தில் இவர் இரவல் கோட்டோடு கள்ளன் மாதிரி முழிக்கிறார். சொன்னேன். சிரிக்கவில்லை.

குளத்தில் தண்ணீர் காணாது, இம்முறை சிறுபோக விதைப்பு இல்லை என்று கூட்டத்தில் முடிவு. ஊரே தலையில் கைவைத்திருக்க எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். பாவம்தான். வயல் விதைத்திருந்தால் இந்த மனிசன் நெடுங்கேணிச் சந்தி தாண்டுவாரோ?

அண்ணாவுக்குச் சைகோனில் புடைவைக்கடை. என் கலியாணத்துக்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. கப்பல் டிக்கெட் அவர்தான் எடுத்து அனுப்பினார், இரண்டு பேருக்கும்.

மே 20, புதன்

அடுத்த புதன் கொழும்பில் கப்பல். சைகோனில் இறங்கி, அண்ணாவோடு ரயிலில் ஞா திராங். கடலோரப் பட்டணம். வாயில் நுழையாத பெயர். அங்கே நாலு நாள்.

முதல் நாள் கடற்கரை. (இவர்: "முல்லைத்தீவிலை இல்லாத கடலே?") பிறகு குன்றின் மேல் பழைய செங்கல் கோவில், உள்ளே பத்துக் கையோடு ஒரு அம்மன். பிறகு வள்ளத்தில் தீவு பார்க்க. இவர் ஏறமாட்டார், நான் ஏறுவேன்.

நாலாம் நாள் ஒன்றுமில்லை. கடற்கரையில் கதிரை போட்டுச் சும்மா இருக்கலாமாம், ஆரும் ஒன்றும் கேட்கமாட்டார்களாம். பெண் ஒருத்தி பட்டப்பகலில் கதிரையில் சும்மா இருப்பதா! அண்ணா கடிதத்தில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பிறகும் ஒருக்கால்.

மிளகாய்த்தூள் இடித்தாயிற்று. எள்ளுருண்டை நாளைக்கு.

மே 22, வெள்ளி



காலையில் இவர் அம்மன் கோவிலுக்குப் போனார். வந்தபோது வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"என்னப்பா இது?"

"காப்பு."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

காப்புக் கட்டினவர் அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் முடியுமட்டும் ஊர் எல்லை தாண்டக்கூடாது. பொங்கல் ஜூன் முதலாம் திகதி. கப்பல் புதன்கிழமை. தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்! இந்தக் குடியேற்றக் கிராமத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம். ஐயர் ஒவ்வொரு முறையும் காப்புக் கட்டச் சொல்லிக் கேட்பார். "சுருட்டை விடேலாது ஐயா" என்று நழுவுகிற மனிசன்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அறுத்து எறியுங்கோ என்று வாய்வரை வந்தது. அம்மாளாச்சி, மன்னித்துக்கொள்.

மே 23, சனி

சோற்றை வைத்தேன், தின்றார்.

பின்னேரம் மச்சாள் வந்தா. இவருடைய அக்கா. தம்பி பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் தானும் மூன்று என்பவ. ஏச்சுக்கு ஆயத்தமாக இருந்தேன்.

"காப்பு அவனுக்குத்தானே கட்டினது. உனக்கு ஆர் கட்டினது? நீ போயிட்டு வா."

திகைத்துப்போனேன். இவவா?

"தனியவோ மச்சாள்?"

"கப்பலிலை வேறை சனம் இல்லையே? கொழும்பு வரைக்கும் நான் வந்து ஏத்திவிடுறன்."

இவர் வெளியே வேலி கட்டிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

மே 24, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம்.

குசினி வாசலில் வந்து நின்றார்.

"போறியோ?"

"ஓம், போறன். கடலுக்குப் பயமெண்டால் வாய் திறந்து சொல்லுறதுக்கென்ன? அம்மாளாச்சியை ஏன் இழுத்தனீங்கள்?"

"கடலுக்கில்லை."

காப்பைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை குட்டியும் இல்லை. இந்தக் காட்டுக்குள்ளை உன்னை என்ன சுகமா வைச்சிருந்தனான்? ரெண்டு பேரும் போனாலும் நான் தனியத்தான் திரும்ப வேண்டிவரும் எண்டு நினைச்சன். நான் நிண்டால் நீயும் நிப்பாய் எண்டு..." பிறகு, "உன்ரை அண்ணரைப் பாத்திட்டுத் திரும்பி வருவியோ?"

உங்களுக்கென்ன விசரோ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்சநேரம் பார்த்தார். வயல் பக்கம் போய்விட்டார், விதைக்காத வயலுக்கு.

அவர் கேட்கும்வரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு இருக்கவில்லை. சத்தியமாக இல்லை.

இப்போது இருக்கிறது.