போனில் மட்டும் தெரியாத குறிப்பு

அக். 6, திங்கள்

காலையிலேயே தூறல். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் நின்றபடியே பயணம். சென்னீர்குப்பம் ஆபீஸ், டயர் கடைக்கு மேல் மாடி. என் நாற்காலி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை கிளம்பும்போது உயரத்தைப் பார்த்துவைத்துவிட்டுத்தான் போனேன். வெளியே சொன்னால் சந்தேகப் பிராணி என்பார்கள். வீட்டில் செந்தில் ஏற்கனவே அப்படித்தான் சொல்கிறார். கட்டிக்கொண்டவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

புது வேலை. திருநின்றவூர்ப் பக்கம் மனை விற்கும் ஏழுமலை என்பவருக்கு வெப்சைட். தீபாவளிக்கு முன் திறக்க வேண்டுமாம். முதலாளி முரளி சார் (இனி மு.சார்) என் தலையில் கட்டிவிட்டார்.

செய்ய வேண்டியவை:
– ஒரே பக்கம், போன், டேப்லெட், கம்ப்யூட்டர் மூன்றிலும் அடங்கி உட்கார வேண்டும்
– மெனு, போனில் மூன்று கோடாகச் சுருங்கணும்
– மனைப் பட்டியல். ஐந்து பத்தி. போனில் இடிக்கும். வம்பு
– துவரம்பருப்பு, துணி சோப்பு

அக். 7, செவ்வாய்

ஏழுமலை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். விற்பது அவர்கள் குடும்பமே உழுது பயிரிட்ட நிலமாம்.

பட்டியலில் மனை எண், அளவு, விலை, திசை, குறிப்பு. கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது. போன் அகலத்துக்குச் சுருக்கினால் குறிப்பு வெளியே போய் விழுகிறது. அதனால் போனில் மட்டும் ஒவ்வொரு மனையும் ஒரு அட்டை, ஐந்து விவரமும் ஒன்றன்கீழ் ஒன்று. நானே மெச்சிக்கொண்ட யோசனை. காட்டினேன்.

"இன்னாமா இது, கீய போய்கினே கீது? கடசில கீற குறிப்ப தூக்கிடு. மீதி நாலு போதும்."

"குறிப்பே வேண்டாமாண்ணே?"

"கம்ப்யூட்டர்ல இருக்கட்டும். போன்ல வேணாம். போன்ல எவன் அவ்ளோ எயுத்து படிச்சிகினு இருப்பான்?"

"அப்ப திசையை எடுத்துடலாம். குறிப்பை வைச்சுக்கலாம்."

"அத்தெல்லாம் தொடாத. இத்த மட்டும் எடு."

ஐந்தில் ஒன்றை எடு என்றால் சரி. அந்த ஒன்றையே ஏன்? குறிப்பில் என்ன வரப்போகிறது என்று எனக்கே இன்னும் தெரியாது. இப்போதைக்கு வெறும் மாதிரி எழுத்துதான் நிரப்பியிருக்கிறேன்.

அக். 8, புதன்

வெயில், புழுக்கம். கம்ப்யூட்டரில் ஜன்னலைச் சுருக்கிப் பார்ப்பது ஒன்று, நிஜப் போனில் பார்ப்பது வேறு. ஆபீஸில் இருப்பதிலேயே சின்னத் திரை சரோஜா அக்காவுடையது. பெருக்கித் துடைத்து டீ போட்டுத் தருபவர். கேட்டதும் முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தேன், கச்சிதம்.

"இன்னாமா இது?"

"மனை விக்கிற வெப்சைட்டுக்கா."

"நீயா செஞ்ச?"

"ஆமா."

மூடப் போனேன். "மூடாத, அப்டியே உட்டுடு" என்றார். எதற்கு? இதுவரை என் வேலையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று மட்டும் என்ன அக்கறை? மு.சார் பார்க்கச் சொல்லியிருப்பாரோ.

அக். 9, வியாழன்

பட்டியலின் உண்மை விவரம் வந்தது. குறிப்பைப் படித்தேன். மனை 31 முதல் 46 வரை: "ஏரிக் கால்வாயை ஒட்டியது. மழைக்காலத்தில் நீர் தேங்கும். வீடு கட்ட அனுமதி நிலுவையில்." மற்ற மனைகளுக்குக் குறிப்பு இல்லை, வெறும் கோடு. ஆக, இந்தப் பதினாறையும் தள்ளிவிடத்தான் அந்த அவசரம்.

மு.சாரிடம் போனேன்.

"சார், இதைப் போய் போன்ல மறைக்கச் சொல்றார்."

"மறைக்கலையே ஹேமா. வெப்சைட்ல இருக்குல்ல?"

"மனை வாங்குறவங்க யாரு சார் கம்ப்யூட்டர்ல பாக்கறாங்க?"

"அது அவங்க பாடு. கஸ்டமர் கேட்டதைச் செய்ங்க. லேஅவுட் உங்களது, மேட்டர் அவரது."

செய்துவிட்டேன். ஒரே வரி. அகலம் இவ்வளவுக்குக் கீழே போனால் இந்தப் பத்தியைக் காட்டாதே. எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அரிசிப் பையில் தேதி பார்க்காமல் வாங்காதவள் நான். இதை மட்டும் எழுத்தில் ஒரு மெசேஜாகக் கேட்டு வாங்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். வேறென்ன?

சாயங்காலம் இறங்கும்போது டயர் கடை ஓரம் சரோஜா அக்காவும் (இனி ச.அக்கா) ஏழுமலையும். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஆக, உளவு மு.சாருக்கு இல்லை, ஏழுமலைக்கு! குறிப்பைப் பற்றி நான் சாரிடம் வாதாடியதை டீ வைக்க வந்தபோது கேட்டிருப்பார்.

அக். 10, வெள்ளி

அக்கா மீது என்னிடம் இருப்பவை:
1. போனில் அந்தப் பக்கத்தை மூடவிடவில்லை.
2. நேற்று டயர் கடை ஓரம்.
3. இன்று டீயில் சர்க்கரை அதிகம். குழைவு.
4. என் நாற்காலி?

ஒரு பொறி வைத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, நான் வேலையை விடப் போறேன்" என்றேன். முழுப்பொய். இது மு.சார் காதுக்கோ ஏழுமலை காதுக்கோ போனால் தீர்ந்தது சந்தேகம். அக்கா முகம் வாடியது. நன்றாகவே நடிக்கிறார்.

மதியம் மேஜை பக்கம் வந்து நின்றார். "ஹேமா மா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"வேலை இருக்குக்கா."

நாலு மணிக்கு மறுபடி. "ஒரே நிமிசம்மா."

"அப்புறம்க்கா." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வாயைக் கிண்டி ஏழுமலையிடம் போய் ஓதுவதற்கா? நடக்காது.

அக். 11, சனி

வெப்சைட் திறந்தாயிற்று. மு.சார் மைசூர்பாகு கொடுத்தார். மூன்று அளவிலும் கச்சிதம் என்று பாராட்டு வேறு. அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சிரித்தேன்.

பொறியில் இன்னும் ஒன்றும் சிக்கவில்லை. சார் எதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரி, நேரம் பார்க்கிறாள். அக்கா இன்று லீவு வேறு. "ஏதோ சொந்த வேலையாம்" என்றார் சார். என்ன சொந்த வேலை?

அக். 13, திங்கள்

நேற்று முழுக்க மழை. சர்வீஸ் ரோட்டில் முழங்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்தபடி ஆபீஸ்.

ச.அக்கா டப்பாவில் கேசரி கொண்டுவந்தார். முதலில் எனக்கு.

"மனை போட்டுட்டேன் மா. சனிக்கெயம அந்த அண்ணாத்த வேன்லயே இட்டுகினு போய் காட்னாரு. டோக்கன் அட்வான்ஸ் குட்த்தாச்சு. வியாயக்கெயம பத்தரம்."

எந்த மனை என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு. கெயக்கு பாத்தது. நீ என் போன்ல போட்டு குட்த்தியே, அத்த தெனம் தெறந்து பாத்து புட்ச்சது தான். அன்னிக்கு கீய அவராண்ட அத்த தான் கேட்டுகினு இருந்தேன். நல்ல எடமான்னு உன்னாண்ட கேக்கலாம்னு ரெண்டு வாட்டி வந்தேன். வேல கீதுன்னுட்ட. சரி, நீ செஞ்சது தானே, தப்பா இருக்காதுன்னு போட்டுட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வேலைய உடப்போறேன்னத யாராண்டயும் சொல்லல. பயப்படாத."

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்காவுக்கு இருபது வருடமாக வாடகை வீடு, மூன்று முறை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன கதை எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். "கேசரி நல்லா இருக்குக்கா" என்றேன். சீ.

அக். 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மு.சார் இல்லாத நேரம் அக்காவை என் நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய திரையில் 38-ஐக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நீர் தேங்கும். அனுமதி நிலுவையில். இரண்டாவது முறையும் படித்தார்.

"இது என் போன்ல ஏன் வரல?"

"அதுல இடம் பத்தலைக்கா."

வாயைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான். ஏழுமலையின் அதே பதில், என் குரலில். அப்புறம் உண்மையைச் சொன்னேன்: அவர் எடுக்கச் சொன்னார், தப்பு என்று தெரிந்தேதான் எடுத்தேன். அக்கா திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினார்.

அக். 15, புதன்

இருவருமாகத் திருநின்றவூர். அரை நாள் லீவு, காரணம் வயிற்றுவலி. மழை விட்டிருந்தது. ஏழுமலை ஆபீஸ் போகும் வழியில்தான் மனை. 38-இல் நட்ட கல் தண்ணீருக்குள். அக்கா நின்று பார்த்தார். கொக்கு ஒன்று நின்றிருந்தது.

ஏழுமலை பதறவே இல்லை. மேஜையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இன்னா மறச்சேன்? எல்லாம் போட்டு தானே கீது. படிக்காம டோக்கன் போட்டா நானா பொறுப்பு?"

"போன்ல எடுக்கச் சொன்னது நீங்கதானேண்ணே?"

"நானா? எயுதி குட்த்தனா? செஞ்சது நீ. உங்க ஆபீஸ் பொண்ணு செஞ்ச வெப்சைட்டு, சரோஜாம்மா. அதையே கேளு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறிப்பை அடியோடு எடுக்காமல் கம்ப்யூட்டரில் மட்டும் விட்டுவைக்கச் சொன்னது இந்த ஒரு நிமிடத்துக்காக. அவர் தப்பிப்பதற்கான வாசலைக் கட்டிக் கொடுத்தவள் நான்.

"பத்தரம் வேணாம். டோக்கன நீயே வெச்சிக்க" என்றார் அக்கா. ரயிலில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அவர் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

அக். 16, வியாழன்

முதல் வேலையாக அந்த வரியை நீக்கினேன். இப்போது போனிலும் பதினாறு மனைக்கும் குறிப்பு, விலைக்கு மேலே. பதினோரு மணிக்கு மு.சார். ஏழுமலை கத்தினாராம்.

"பழையபடி மாத்துங்க. இல்லன்னா திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

"மாத்த மாட்டேன் சார்."

திங்கள் தீபாவளி. அன்றைக்கு எப்படியும் வர வேண்டாம் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ச.அக்கா டீ கொண்டுவந்தார். அளவான சர்க்கரை. நகராமல் நின்றார். இந்த முறை திரையிலிருந்து கண்ணை எடுத்து, "கேளுங்கக்கா" என்றேன். கோபமாக இல்லை, பஸ் நம்பர் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்:

"வேற இன்னா இன்னா இப்டி மறச்சு வெச்சிகீற?"

"வேற ஒண்ணும் இல்லக்கா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை.

உட்கார்ந்து இரண்டு வருடமாகச் செய்த வெப்சைட்டுகளை ஒவ்வொன்றாகப் போனில் திறந்தேன், பக்கத்திலேயே கம்ப்யூட்டரிலும். கல்யாண மண்டபம், சரி. பல் ஆஸ்பத்திரி, சரி. வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி, விடுதிப் பக்கம்: கம்ப்யூட்டரில் ஏழு வரி. போனில் ஆறு. எடுத்தது நான்தான், யார் எதை மாற்றினார் என்ற பதிவில் என் பெயர் இருக்கிறது. யார் சொல்லி எடுத்தேன் என்று நினைவில்லை.