ஸ்டெல்லா எழுதிய ஏழு படிகள்

அக்டோபர் 18, சனி

காலையிலிருந்து மழை. முடிச்சூரில் எல்லோரும் வெள்ளம் ஏறுமோ என்று ரோட்டையே எட்டிப் பார்த்தபடி. துணி காயவில்லை.

லேப்டாப்பைத் தாம்பரம் கடைக்குக் கொண்டுபோனேன். கம்பெனிக்காரன் பழைய சிஸ்டத்துக்கு அப்டேட் நிறுத்திவிட்டானாம். புதியது இதில் ஏறாதாம்.

"எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க மேடம். பத்து வருஷத்துக்கு மேல ஆன பீஸு."

நன்றாக ஓடுகிற மெஷின். ஸ்கூலுக்கு நான் தயாரிக்கிற கேள்வித்தாள் எல்லாம் இதில்தான். செத்துப்போச்சு என்று சொல்ல அவர்கள் யார்? திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அந்தச் சிஸ்டத்துக்குப் பதில் ஓசியில் கிடைக்கிற லினக்ஸ் போடப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உனக்கு அதெல்லாம் தெரியுமா?"

தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும்.

19, ஞாயிறு

வாங்க: முறுக்கு மாவு, பென் டிரைவ், அத்தைக்கு மாத்திரை.

பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலில் ஸ்டெல்லாவும் நானும் ஒரே ரூம். இதே லேப்டாப்பில் அன்றைக்கே லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். "ஓசின்னு இல்லடி. இதுல நம்ம இஷ்டத்துக்கு எதையும் மாத்திக்கலாம், எவனும் கேக்கமாட்டான்." என் கல்யாணத்துக்குப் பிறகு இவர் அதை எடுத்துவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. சர்ச்சில் கல்யாணம், அத்தை முகம் கோணுமே என்று பயம். போன்கூடச் செய்யவில்லை. அதோடு பேச்சு நின்றது. எட்டு வருடம். அவள் நம்பரும் மாறிவிட்டது.

20, தீபாவளி

வெடிச்சத்தம், பிறகு மழை. மதியம் எல்லோரும் தூக்கம். லினக்ஸ் ஏற்றினேன். ஏறிவிட்டது! வைஃபை மட்டும் வரவில்லை.

மாடல் பெயரைப் போட்டுப் போனில் தேடினேன். ஏதோ ஒரு ஃபோரம். யாரோ கேட்ட பழைய கேள்வி, கீழே ஒரே ஒரு பதில், ஏழு படிகளாக. எழுதியவர் பெயர் 'பொத்தேரி ஸ்டெல்லா'. இங்கிலீஷில்தான். கடைசி வரி இப்படி: என் ரூம்மேட்டின் லேப்டாப்பில் செய்து பார்த்தது. அவளுக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

மூன்று முறை படித்தேன். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுப்படியில் போய்ச் சும்மா நின்றேன்.

பிறகு ஏழையும் வரிசையாகச் செய்தேன். வைஃபை வந்தது. அவள் பதிலுக்குக் கீழே எழுதினேன்: "வேலை செய்யுது. அந்த ரூம்மேட் நான்தான். உன் கல்யாணத்துக்கு வந்திருக்கணும், ஸ்டெல்லா."

21, செவ்வாய்

பதில் இல்லை. குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு குழைந்துவிட்டது.

"போன்ல அப்படி என்னதான் இருக்கு?" என்றார் இவர்.

ஒன்றும் இல்லை. அதுதான்.

23, வியாழன்

மழை விட்டு வெயில். பதினோரு மணிக்குப் பதில் வந்தது.

"சவுண்ட் வருதா? அந்த மாடல்ல அதுவும் மக்கர் பண்ணும்."

அவ்வளவுதான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபம் போய்விட்டதா, தெரியவில்லை. நான்கு வரி தட்டி, அழித்து, மறுபடி தட்டி, அழித்து.

சவுண்ட் நன்றாகவே வருகிறது. காலையில்தான் பாட்டுக் கேட்டேன்.

"வரல" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.