வாப்பா கண்ட பிறை

ஷஃபான் 29, வியாழன் இரவு.

எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்று பௌதிகவியலில் நான்கு வருடம் படித்தேன். ஊரில் ஒருவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டது இன்றுதான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ரமழான் நோன்புப் பிறை கண்டதாக வாப்பா பள்ளிவாசலில் சாட்சி சொல்லியிருக்கிறார். வேறு யாரும் காணவில்லை. பள்ளித் தலைவர் வாப்பாவையும், அவர் கடலுக்குப் போகும் வள்ளத்தின் முதலாளியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"நீங்க படிச்ச புள்ள. இண்டைக்குப் பிறை காண ஏலுமா?"

திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன். "இல்ல. சூரியனுக்கு முந்தியே சந்திரன் அடைஞ்சிட்டு. அது அடிவானத்துக்குக் கீழ இருக்கு, ஆனா ஆருக்கும் காண ஏலாது."

என்னைக் கேட்டார்களே என்று பெருமையாக இருந்தது. அதுதான் கசக்கிறது.

"அப்ப காக்கா பள்ளியில பொய்யா சொன்ன?" என்றார் முதலாளி, வாப்பாவைக் காட்டி.

நான் வாப்பாவைக் காப்பாற்ற நினைத்தேன்.

"பொய்யில்ல. வாப்பாட கண்ணுல வெள்ள படர்ந்து ஆறு மாசம்."

அதை நாங்கள் வெளியே யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம்.

முதலாளி சிரித்தார். "அப்ப பிறை காக்காட கண்ணுக்குள்ளதான். நாளையிலிருந்து வள்ளத்துக்கு வரவேணாம்."

அவர்கள் போனபின் வாப்பா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு மேற்கே கை காட்டினார்.

"பாருங்க மகள், இன்னும் நிக்கிது."

அங்கே வெறும் இருட்டுதான் இருந்தது. "ஓம் வாப்பா, தெரியுது," என்றேன்.

"அத அவங்கள்ட்ட சொல்லியிருக்கலாமே," என்றார்.