மகள் தட்டிய சுவர்

14 அக்டோபர், செவ்வாய்

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தபோது மகள் பாத்திமா வீடியோவில் கூப்பிட்டாள். கட்டடக்கலை படிக்க இத்தாலிக்குப் போக வேண்டாம் என்று நான் மறித்ததிலிருந்து அவள் உம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள். எட்டு மாதம் கழித்து இன்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பிளாரன்ஸ் நகரத்துப் பெரிய மாதா கோயிலில் படியேறிக்கொண்டிருந்தாள். உச்சியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கும்மட்டம், நடுவில் படி. செங்கல்லை மீன்முள் மாதிரி பின்னி அடுக்கியிருக்கிறார்கள்.

"தரையிலேருந்து முட்டே கொடுக்காம கட்டிருக்காங்க வாப்பா. அதுக்கு முன்ன, எப்படி மூடணும்னு தெரியாம வருசக்கணக்கா திறந்தே கெடந்துருக்கு."

நான் நம்பவில்லை. செங்கல் லோடு வந்தால் தட்டிப் பார்க்காமல் இறக்கவிட மாட்டேன். அதே பழக்கத்தில், "தட்டு பிள்ள, சத்தம் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவளும் போனைச் சுவரோடு ஒட்டிவைத்து விரல் முட்டியால் தட்டினாள். சத்தம் கெட்டியாக இருந்தது. உடனே ஒரு காவலாள் அதட்டுவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

என்னால் பிள்ளை அந்நிய ஊரில் ஏச்சு வாங்கிவிட்டாள். "ஒண்ணுமில்ல வாப்பா, நாளைக்கும் கூப்பிடுதேன்" என்று பிறகு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நாலு தடவை கேட்டுவிட்டேன்.

"பிள்ள சாப்பிட்டாளாமா?" என்றாள் என் மனைவி.

"கேக்கல."

"பின்ன என்னதான் பேசினிய?"

"நல்ல செங்கல்."

அவள் சிரித்துவிட்டாள்.

நாளைக்கு முதலில் சாப்பாட்டைக் கேட்க வேண்டும். சுண்ணாம்பில் என்ன சேர்த்தார்கள் என்பதை அப்புறம் கேட்கலாம்.